லேயில் எழுதிய ஒரு வரி

2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே மூழ்கிக் கிடந்தபோது, குறிஞ்சிப்பாடி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குள்ளும் பரவனாற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் அளவு. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம், மிக்ஸியை ஏற்றினோம், பிள்ளைகளின் புத்தகங்களை ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் வீட்டுக்காரரின் பட்டாளத்துப் பெட்டி மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய நம்பரும் பெயரும் எழுதியிருக்கும் இரும்புப் பெட்டி அது. 24 வருடம் அவரோடு ஊர் ஊராகப் போய்விட்டு 2013 ஜூனில் வீட்டுக்கு வந்தது.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். மேலே யூனிஃபார்ம், அடியில் காகிதங்கள். நனைந்த அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. இழுத்தால் கிழிந்துவிடும். பழைய வாயில் புடவையைத் தரையில் விரித்து, தோசையைத் திருப்புவது போல ஓரத்தில் கத்தியை மெல்ல விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். கரன்ட் இல்லை. விசிறிமட்டையால் வீசிக் காயவைத்தேன். டிஸ்சார்ஜ் புத்தகம் பிழைத்தது. அதற்கு அடியில் மூன்றாக மடித்த ஒரு கடிதம், 2013 ஆகஸ்ட் தேதி போட்டது.

நான் அங்கன்வாடிப் பணியாளர். பிளஸ் டூ வரை படித்தவள். குழந்தையின் எடை, உயரம், தேதி என்று வருடக்கணக்காகப் பதிவேடு எழுதிப் பழக்கம் உண்டு. ஆங்கிலக் கடிதமாக இருந்தாலும் நிதானமாகப் படித்தால் பொருள் புரிந்துவிடும். அவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, இயலாமை 30 சதவீதம், ஆயுள் முழுவதற்கும். ஆனால் இது ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல. எனவே இயலாமை ஓய்வூதியம் கிடையாது. சம்மதமில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆறு மாதம் முடிந்து ஒன்றே முக்கால் வருடம் ஓடிவிட்டிருந்தது.

"ஏங்க, இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கை கால் நல்லாத்தானே இருக்கு. ஊனமுற்றோர் பணம் எனக்கு எதுக்கு?" என்றார்.

கை கால் போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அவர்களுக்கு உரிய காசில் தான் கை வைப்பது போல அவருக்குப் பட்டது. இப்போது பலருடைய காகிதங்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேரைத் தடுப்பது சட்டம் இல்லை, இந்த 'ஊனம்' என்ற சொல்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், வலிப்பு, காது மந்தம், மனநோய் எல்லாமே இந்த ஓய்வூதியத்துக்குள் வரும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கேட்கக் கூச்சம்.

அவர் பிடிவாதத்தில் இன்னொரு எட்டு மாதம் போனது. 2016 ஜூலையில் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கையில் இருந்த சொம்பு விழுந்தது. கடலூர் அரசு மருத்துவமனை, அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர். நேரத்தோடு போனதால் பெரிய சேதம் இல்லை. ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "மிலிட்டரியில இருந்தப்பவே" என்று நான் சொன்னேன். மிலிட்டரியில் எங்கே என்று அடுத்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாய் கோணியபடியே அவர்தான், "லே சார்" என்றார். உயரத்தில் பிராணவாயு குறைவதால் உடம்பு முறுக்கேறி ரத்த அழுத்தம் கூடும் என்று அந்த டாக்டர் விளக்கினார். ஓய்வுக்கு முன் நடக்கும் மருத்துவ போர்டில் இதைச் சொன்னீர்களா என்றும் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

2006 முதல் 2008 மே வரை அவர் லடாக்கில் உள்ள லேயில் கான்வாய் டிரைவர், வரிசையாகப் போகும் பட்டாளத்து வண்டிகளில் ஒன்றை ஓட்டுபவர். லே ஊரே கடல் மட்டத்திலிருந்து 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 17,500 அடிக்கு மேலே இருக்கும் கர்துங் லா கணவாயைத் தாண்டி, நுப்ரா பள்ளத்தாக்குக்கு ரேஷனும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போக வேண்டும். சியாச்சினில் இருப்பவர்களுக்குப் போகும் சரக்கு. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். அந்த நாட்களில் போனில் பேசும்போது, தலை கனக்குது, தூக்கம் இல்லை என்பார். குளிர்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன். 2008 மே மாதம் பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது எல்லையை விட்டு அமைதியான இடத்துக்கு மாற்றல் வந்தது. செப்டம்பரில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் பிடிபட்டது, கேட்டகரி என்று சொல்லும் உடல்தகுதித் தரம் விழுந்தது. மலையைவிட்டு இறங்கி நாலு மாதம்தான். அந்த நாலு மாதத்தில்தான் எங்கள் வழக்கே சிக்கியது. 'நோய் தொடங்கியது 2008 செப்டம்பர், பீஸ் ஏரியாவில்' என்று போர்டு எழுதிவிட்டது.

ஜிப்மரிலிருந்து வந்த பிறகு, வடலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் போனோம். இவருக்கு முன்பின் தெரியாதவர். கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நான் விசாரித்தபோது அங்கே வந்திருந்த ஒருவர்தான் அவரைப் பார்க்கச் சொன்னார். கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "நானா போட்டிருக்கான்மா" என்றார். பணியால் வந்ததும் இல்லை, மோசமானதும் இல்லை என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பட்டாளத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். "இந்த நாலு எழுத்தைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் திரும்பிப் போறாங்க. இதுக்குப் பின்னால என்ன காரணம் எழுதியிருக்குன்னு யாரும் பாக்கிறதில்லை."

அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தது என் நோட்டில் இன்னும் இருக்கிறது. சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

நோய் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இயலாமை 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இதற்கு 1982ஆம் ஆண்டு விதிகள் இருந்தன, 2008இல் அவற்றுக்குப் பதில் வேறு விதிகள் வந்தன. ஒருவர் சேரும்போது அவருடைய மருத்துவத் தாளில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே 1982 விதிகள் எடுத்துக்கொண்டன. பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லை. தொடர்பு இல்லை என்றால் ஏன் இல்லை என்று போர்டுதான் காரணம் எழுத வேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அது வலிப்பு நோய் வந்த ஒரு சிப்பாயின் வழக்கு. 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதி செய்தது.

இதைக் கேட்டபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை நாள் எல்லாவற்றையும் தானே நிரூபிக்க வேண்டும், தன்னால் முடியாது என்று நினைத்திருந்த மனிதர். அந்தத் தீர்ப்பு வந்தது 2013 ஜூலை 2. அவர் பட்டாளத்தை விட்டு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

சுபேதார் முதலில் மேல்முறையீடு எழுத விடவில்லை. "காகிதம் கையில இல்லாம அப்பீல் எழுதினா, அழுகைதான் எழுதுவோம். முதல்ல ஆர்டிஐ போடு" என்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். கேட்டவை நான்கு: சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ஓய்வுக்கு முந்தைய மருத்துவ போர்டின் முழு நடவடிக்கைகள், இடையில் உள்ள எல்லா மருத்துவ ஆவணங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே பணி, அது களப்பகுதியான ஃபீல்டா பீஸா என்ற விவரம். 'எல்லா' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். 30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. அதே சட்டத்தில் முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம் கட்டச் சொல்லி. 61 பக்கம்.

அந்த 61 பக்கத்தை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்தேன். டாக்டர் கையெழுத்து எந்த ஊரிலும் டாக்டர் கையெழுத்துதான். நகலின் நகல், பாதி கறுப்பாக இருந்தது. போர்டு தாளில் சிப்பாய் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. நோய் எப்போது, எங்கே தொடங்கியது, எங்கே சிகிச்சை பெற்றீர்கள் என்று கேட்கும் பகுதி. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஆனால் எழுத்து வேறொருவருடையது. '2008 செப்டம்பர்' என்று மட்டும். கேட்டேன். "வரிசையில நிக்க வெச்சு, இங்க போடுன்னாங்க, போட்டேன்" என்றார். வீட்டுக்குப் போகும் அவசரம். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்களாம்.

நாற்பத்தி மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. 2007 பிப்ரவரி, எம்.ஐ. ரூம் (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) தாள். ஐந்து நாளாகத் தலைவலி, தலைசுற்றல். ரத்த அழுத்தம் 156/104. இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டாம், மறுபடி பார்க்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். மறுபடி பார்த்ததற்கான தாள் எங்கும் இல்லை. "ஏன் திரும்பப் போகலை?" என்றேன். கான்வாய் போய்விட்டதாம். போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். கேட்டகரி விழுந்தால் புரமோஷன் தள்ளிப்போகும், நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆக வேண்டிய நேரம். பையன்கள் தலைவலியை மறைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவதற்கு இதுதான் காரணம். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த புரமோஷன் சம்பளத்தில்தான் இங்கே வீட்டுக்குத் தளம் போட்டோம்.

அந்த ஒரு வரிதான் எங்கள் வழக்கு. அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் எடை குறைந்தது எந்த மாதம் என்று பதிவேட்டில் இருந்தால்தான், எதனால் குறைந்தது என்று பேசவே முடியும். இதுவும் அப்படித்தான். நோய் 'பிடிபட்ட' தேதி 2008, 'தொடங்கிய' தேதி 2007. பிடிபட்ட இடம் பீஸ், தொடங்கிய இடம் லே. ஃபீல்டிலும் உயர்மலையிலும் பணியில் இருக்கும்போது தொடங்கிய ரத்த அழுத்தத்தைப் பணியால் மோசமானதாக ஏற்கலாம் என்று ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டியிலேயே இருக்கிறது.

மேல்முறையீட்டை எழுதினோம். ஒன்றரைப் பக்கம்தான். நான் முதலில் எழுதியது ஆறு பக்கம். மாமியார் செத்ததற்கு லீவு கிடைக்காதது, கல்யாணமான நாலாம் நாள் அவர் கிளம்பிப் போனது எல்லாம் அதில் இருந்தது. சுபேதார் பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் உண்மைதான்மா. ஆனா இதைப் படிக்கிறவனுக்குத் தேவையானது தேதி, இடம், பக்க நம்பர்" என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். மனசு வலித்தது. இப்போது மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது நானும் அதையேதான் செய்கிறேன். தாமதத்துக்குத் தனியாக ஒரு பத்தி வைத்து, காலதாமதத்தை மன்னிக்க வேண்டினோம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். இப்போது பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எதில் அனுப்பினாலும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றை அந்தக் கடிதத்தின் நகலோடு குத்தி வையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

முதல் மேல்முறையீடு தள்ளுபடி. இரண்டாவதும் தள்ளுபடி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். எம்.ஐ. ரூம் தாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் மறுபடி பெட்டியை மூடப் போனார். "தள்ளுபடி ஆனாத்தான் டிரிப்யூனலுக்குப் போக முடியும், அந்த ரெண்டு கடிதமும் உனக்கு டிக்கெட் மாதிரி" என்று சுபேதார் சொன்னது பெரிய தைரியம். ராணுவத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. நமக்குச் சென்னை அமர்வு, புதுச்சேரிக்காரர்களுக்கும் அதுதான். துறைக்குள் இருக்கும் மேல்முறையீட்டு வழிகளை முடித்துவிட்டு வந்தீர்களா என்று அங்கே கேட்பார்கள். கடைசி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒருவர் வீடு தேடி வந்தார். முன்பணம் ஒரு பைசா வேண்டாம், வரும் நிலுவையில் பாதி என்றார். நல்லவராகத்தான் பேசினார். கையெழுத்துப் போட வெற்றுத்தாளும் கொண்டுவந்திருந்தார். வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்தால்தான் இந்த நிலைக்கு வந்தோம் என்று நான் சொல்லி அனுப்பினேன். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞருக்கு அனுமதியில்லாத விஷயம். நாங்கள் கட்டணத்தை முன்பே பேசி, தவணையாகக் கொடுத்தோம். என் ஒரு ஜோடித் தோடு அடகுக்குப் போனது. பிறகு மீட்டுவிட்டேன்.

2018 ஜூலையில் மனு, 2019 செப்டம்பரில் உத்தரவு. அதற்கு நடுவில் சென்னைக்கு நாலு முறை போனோம். இரண்டு முறை வாய்தா. குறிஞ்சிப்பாடியில் அதிகாலை மூன்று மணிக்கு பஸ் ஏறினால்தான் பத்தரைக்குள் போய்ச் சேர முடியும். கடைசி நாள் விசாரணை கால் மணி நேரம்கூட இல்லை. எங்கள் வழக்கறிஞர் நாற்பத்தி மூன்றாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். எதிர்த்தரப்பு, அது ஒரு தடவை எடுத்த அளவுதானே என்றது. மறுபடி எடுக்காதது யாருடைய பொறுப்பு என்று தீர்ப்பாயத்தில் கேட்டார்கள். சேரும்போது நல்ல உடல்நிலை, இடையில் உயர்மலைப் பணி, நோய்க்கான அறிகுறி அங்கேயே பதிவு, போர்டு காரணம் எழுதவில்லை. எனவே நோய் பணியால் மோசமானது என்று உத்தரவு வந்தது. 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கொடுக்கவும் சொன்னார்கள்.

இந்த உயர்த்தும் கணக்கைப் பலர் கேட்கிறார்கள். 50க்குக் குறைவானது 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், 76க்கு மேல் 100. முன்பு நோயால் இடையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லோருக்கும் வழி திறந்தது. பணமாகப் பார்த்தால், 100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,400. 50 சதவீதத்துக்கு 2,700. உயர்த்தாமல் 30லேயே விட்டிருந்தால் 1,620. அகவிலைப்படி தனி. வழக்கமான ஓய்வூதியத்துக்கு மேல் சேர்ந்து வருவது இது. மாசம் அவருடைய மாத்திரை, பரிசோதனைக்குப் போக வர பஸ் செலவு, பெண்ணின் ஹாஸ்டல் பாக்கி எல்லாம் இதில்தான் ஓடுகிறது.

நஷ்டமும் சொல்ல வேண்டும். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாகப் போனாலும் வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் கொடுத்தார்கள். எங்களுக்கு 2015 ஜூலையிலிருந்து வந்தது. 2013 ஜூலை முதல் 2015 ஜூன் வரை இரண்டு வருடப் பணம் போனது போனதுதான். பெட்டிக்குள் மடித்து வைத்த கடிதத்தின் விலை அது. தெரிந்த ஒருவர் 1990களில் வந்தவர், போன வருடம்தான் காகிதத்தோடு வந்தார். கூட்டிப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

உத்தரவு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு போட்டு, கணக்கில் ஏற 11 மாதம் ஆனது. பிபிஓ என்னும் ஓய்வூதிய உத்தரவு புதிதாக வந்த அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து உத்தரவின் நகலை மறுபடி எடுத்துப் படித்தார். தொகையைப் பார்க்கவே இல்லை. 'உயர்மலைப் பகுதியில் பணியாற்றியபோது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "லேயில வந்ததுன்னு எழுதிட்டாங்க பாரு" என்றார். அதற்கு முன்னால் இந்த ஊரில் அவருக்கு ரத்த அழுத்தம் வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் கேன்டீன் சரக்கும் உப்புக் கருவாடும்தான். அவர் குடிக்காதவர்.

நான் பார்த்தது வேறொன்றை. பிபிஓவில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது, பிறந்த வருடமும் ஆதாரில் உள்ளபடி இல்லை. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு நான் நிற்கும்போது, நான் வேறு ஆள் என்று சொல்ல அது போதும். நல அலுவலகம் வழியாக உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பள்ளிச் சான்றிதழ் அனுப்பி, ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷ் கணக்கிலும் திருத்தி முடிக்க எட்டு மாதம். பெண்கள் தயவுசெய்து இன்றைக்கே பெட்டியைத் திறந்து, டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பிபிஓவிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது அவருடைய ஒரு கையெழுத்தில் முடியும் வேலை இது.

நோய் காரணமாக இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் குறைந்தபட்ச பணிக்காலம் என்று எதுவும் தேவையில்லை. இரண்டு வருடத்தில் அனுப்பியிருந்தாலும் கேட்கலாம். இயலாமை 20க்குக் குறைவு என்று போட்டுவிட்டு வீட்டுக்கும் அனுப்பியிருந்தால், 20க்கு மேல் என்றே கருத வேண்டும் என்பது 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதியமே இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளில் அழித்துவிடுவது வழக்கம் என்பதால், அவர்கள் இந்த மாதமே ஆர்டிஐ போடுவது நல்லது. இதய நோய்க்காரர்கள், நோய் வருவதற்கு முந்தைய 14 நாட்கள் என்ன பணியில் இருந்தார்கள் என்ற குறிப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். போர்டு அதைத்தான் பார்க்கிறது.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகள். பழைய விதிகள் கொடுத்த பாதுகாப்பு பல இடங்களில் இறுக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன தீர்ப்புகள் தங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று அவர்கள் இருந்துவிடக் கூடாது. சந்தேகத்தின் பலனை நம்பி இருக்க முடியாத காலத்தில், தாளில் இருக்கும் வரிக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

என் சித்தி மகன் ஒருவன் இப்போது பட்டாளத்தில் இருக்கிறான். அடுத்த வருடம் வெளியே வருகிறான். சிக்கிமில் மேலே இருந்தபோது மூச்சுத் திணறி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தவன். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அதெல்லாம் எதுக்குக்கா போர்டுல சொல்லணும், இப்பதான் சரியாயிடுச்சே" என்றான். என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் உள்ளே போய், அந்தப் பெட்டியிலிருந்து நாற்பத்தி மூன்றாம் பக்கத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். யூனிட்டுக்குத் திரும்பிய மறுவாரம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. சிக்கிம் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு. தேதியும் இடமும் மங்கலாகத்தான் இருந்தன. வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை எடுத்து அனுப்பு என்று எழுதினேன்.